நாற்பத்தோராயிரம் பேர் பின்தொடர்ந்த பள்ளம்

நகரப் பராமரிப்புத் துறையில் பள்ளங்களை மூடுவதற்கு ஒரு பிரிவும், பள்ளங்களைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பிரிவும் இருந்தன. மூடும் பிரிவில் ஒரு இஞ்சினியர், ஒரு லாரி, நாலு தொழிலாளிகள். பேசும் பிரிவில் பதினேழு பேர், ஏசி, மூன்று நிறத்தில் சுழலும் நாற்காலிகள், சுவரில் ஒரு கூடைப்பந்து வளையம். வேலைக்கு நடுவே பந்து போட்டால் கற்பனை பொங்கும் என்று யாரோ சொன்னதால் மாட்டியது. பந்து வாங்குவதற்கான கோப்பு இன்னும் மேலே இருந்து இறங்கவில்லை.

டிகிரிக்கு வேலை கிடைத்தது பேசும் பிரிவில்.

டிகிரி என்பது வீட்டில் விழுந்த பெயர். அவள் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். அக்கா தையல் மெஷினோடு நின்றுவிட்டாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியில் தன் நல்ல துணிகளுக்கு அடியில் வைத்தாள். அன்று சாயங்காலமே அக்கா, "ஏய் டிகிரி, அந்தக் கத்திரிக்கோலை எடு" என்றாள். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலையில் சேரும்போது அசல் சான்றிதழை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், வேலை நிரந்தரம் ஆனதும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அம்மாவுக்கு மனசே இல்லை. நகல் போதாதா என்று மூன்று தரம் கேட்டாள். போதாது. உறையைத் துடைத்து, பெண்ணின் கையில் கொடுத்து, மடிக்கக் கூடாது என்று மட்டும் அவர்களிடம் சொல்லச் சொன்னாள். டிகிரி சொன்னாள். வாங்கிக்கொண்ட எழுத்தர் தலையாட்டியபடியே இரண்டாக மடித்து ஒரு கோப்புக்குள் செருகினார். டிகிரி பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவள் சேர்ந்த முதல் நாள்.

பிரிவின் முழுப் பெயர் மக்கள் ஈடுபாட்டுப் பிரிவு. அதன் தலைவர் நாற்பத்தைந்து வயதுக்காரர். பேசும்போது இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பூசணிக்காயைப் பிடித்திருப்பதுபோல் வைத்துக்கொள்வார். புதியவர்களுக்கு அவர் நிகழ்த்திய வரவேற்புரையை டிகிரி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"முன்னாடியெல்லாம் எப்படி இருந்துச்சு? மக்கள் புகார் குடுப்பாங்க, நாம போய் சரி பண்ணிடுவோம். அதோட முடிஞ்சுது. அப்புறம் அவங்க யாரோ, நாம யாரோ. எவ்வளவு வறண்ட காலம் அது, யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். சிலர் வருத்தமாகத் தலையசைத்தார்கள்.

விதிகள் எளிமையானவை. புகார் என்ற சொல் கூடாது, 'பகிர்வு' என்றுதான் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் 'தோழமை'. பகிர்வு வந்த நாலு நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். பதிலில் என்ன இருந்தாலும் பரவாயில்லை, தேதி மட்டும் இருக்கக் கூடாது. இரண்டாம் நாளே டிகிரி ஒரு பதிலை எழுதிக் கொடுத்தாள்: 'தோழமையே, உங்கள் உணர்வு எங்களை வந்தடைந்தது. உங்களோடு சேர்ந்து நாங்களும் உணர்கிறோம்.' கடைசியில் ஒரு ஹார்ட். தலைவர் அதை உரக்கப் படித்தார், இன்னொரு முறை படித்தார், அன்றிலிருந்து எல்லாருக்கும் அதையே அனுப்ப உத்தரவு போட்டார்.

ஒவ்வொரு பகிர்வுக்கும் கீழே, பிரிவுக்காரர்களின் திரையில் மட்டும், சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு பொத்தான் இருந்தது. 'மூடு' என்று போட்டிருக்கும். அதை அழுத்தினால் மூடும் பிரிவுக்கு உத்தரவு போகும், லாரி கிளம்பும். உத்தரவு போக வேறு வழி கிடையாது. ஆனால் மூச்சு விடுகிற பகிர்வை மூடக் கூடாது என்பது விதி. ஒருவர் லைக் போட்டால் மூச்சு. ஒருவர் திட்டினாலும் மூச்சு, இன்னும் ஆழமான மூச்சு. தொடர்ந்து இரண்டு நாள் யாருமே தொடாவிட்டால்தான் பகிர்வு இறந்ததாகக் கணக்கு. இறந்ததை அழுத்தி மூடிவிடலாம். ஆகவே அந்த நகரத்தில் யாரும் கவலைப்படாத பள்ளங்கள் எல்லாம் ஒழுங்காக மூடப்பட்டுவந்தன.

டிகிரிக்கு இது சேர்ந்த முதல் மாதத்தில் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

அவள் தெரு ஒரு முட்டுச்சந்து. உள்ளே போக, வெளியே வர ஒரே வாய். அந்த வாயில் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு, குழாயே வேறு தெருவுக்கு என்று பிறகு கண்டுபிடித்துப் போய்விட்டார்கள். நீளம் எட்டடி, அகலம் ஆறடி, ஆழம் ஒரு ஆள் இடுப்பளவு. ஓரமாக ஒரு பலகை போட்டிருந்தது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக அதன்மேல் நடந்துதான் போக வேண்டும். வண்டி எதுவும் உள்ளே வராது. அக்காவுக்கு எட்டாம் மாதம். மாமா கப்பலில் வேலை செய்கிறவர், வருவதற்கு அரை வருஷம் ஆகும். அக்கா அந்தப் பலகைமேல் நடக்கும்போதெல்லாம் அம்மா பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பிரசவ நேரத்தில் வண்டி எப்படி உள்ளே வரும் என்பதுதான் வீட்டில் பேச்சு. "அதான் நம்ம டிகிரி அந்த ஆபீஸ்லயே இருக்காளே" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தாள்.

டிகிரி துறையின் இணையப் பக்கத்தில் அந்தப் பள்ளத்தைப் பற்றி எழுதினாள். மனசு வைத்து எழுதினாள். கல்லூரியில் படித்த நாலு வருஷமும், பலகைமேல் அக்கா வைக்கும் ஒவ்வொரு அடியும் அதில் இருந்தது. அலுவலகம் படித்தால் வெட்கப்பட்டு அன்றே மூடிவிடும் என்று நம்பினாள்.

ஒரே நாளில் ஆறாயிரம் பேர் ஹார்ட் போட்டார்கள்.

மறுநாள் காலை தலைவர் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை. பக்கத்தில் ஆலோசகர் இருந்தார். கணுக்கால் தெரியும் பேண்ட், சாக்ஸ் இல்லாத ஷூ. வாரத்துக்கு ஒருநாள் வருவார், வந்தால் எதற்காவது பெயர் வைத்துவிட்டுப் போவார். பள்ளத்துக்கு ஒரு குரல் இருக்கிறது என்றார் அவர். மக்கள் துறையை நேசிக்க மாட்டார்கள், பள்ளத்தை நேசிப்பார்கள், பள்ளம் துறையினுடையது, ஆகவே துறையை நேசிக்கிறார்கள் என்று விரல் விட்டு விளக்கினார். பள்ளமே எழுதுவதுபோல் ஒரு வலைப்பூ, தினம் ஒரு போஸ்ட், தனிப் பக்கம். எழுதப்போவது டிகிரி.

அந்தப் பள்ளத்தை எப்போது மூடுவார்கள் என்று டிகிரி கேட்டாள்.

துக்க வீட்டில் சாப்பாடு என்ன என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"இப்பத்தான்மா அது நடக்கவே ஆரம்பிச்சிருக்கு" என்றார் தலைவர்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அவளை நிரந்தரம் செய்யப்போவதாகவும் சொன்னார். அவள் எழுதினாள். 'நான் பள்ளம். இன்று என்னில் ஒரு மேகம் விழுந்தது' என்று எழுதினாள். மழைத் தண்ணீர் தேங்கியதைத்தான் அப்படி எழுதினாள். கொசு வந்ததை 'எனக்கு விருந்தாளிகள்' என்று எழுதினாள். பதினைந்தாயிரம் பேர், இருபத்திரண்டாயிரம் பேர் என்று பின்தொடர்ந்தார்கள். சிலர் வந்து பள்ளத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுக்க இடம் வேண்டும் என்று துறையே வந்து ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தியது. பலகைக்கு நீல வர்ணம் அடித்தார்கள். வர்ணம் அடித்தபின் அது வழுக்கியது.

அம்மாவும் ஹார்ட் போட்டாள். கையில் விளக்குமாறு பிடித்துக் காய்ப்பேறிய விரலால் அழுத்தினால் போன் சில சமயம் கேட்காது, கேட்கும்வரை அழுத்துவாள். காலையில் பள்ளத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பலகையைத் தாண்டுவாள். சாயங்காலம் வந்து, பெண் எழுதியதாயிற்றே என்று அதே பள்ளத்துக்கு ஹார்ட் போடுவாள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் டிகிரி மூடும் பிரிவுக்கு இறங்கிப் போனாள். அது கட்டடத்தின் பின்னால், வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தது. இஞ்சினியர் லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த, ஓய்வுக்கு நாலு வருஷம் மிச்சமிருக்கிற மனிதர். அவள் தெருப் பெயரைச் சொன்னதும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அந்தப் பள்ளமா? அதை எழுதுறது நீதானா?"

"ஆமா சார்."

"ஐயையோ, நல்லா எழுதிட்டியேம்மா" என்றார். "கொஞ்சம் சுமாரா எழுதியிருந்தா அந்த வாரமே மூடியிருப்பேன். இதோ பாரு, ஜல்லி ஏத்தி இருபது நாளாச்சு. மேல புல்லு மொளைச்சிடுச்சு."

நிமிர்ந்து பார்த்தாள். உண்மையிலேயே முளைத்திருந்தது.

உத்தரவு இல்லாமல் போக முடியாதா என்று கேட்டாள். போன வருஷம் அப்படிப் போய் ஒரு பள்ளத்தை மூடியதற்காகத் தனக்கு மெமோ வந்ததாகச் சொன்னார். 'தோழமைகளின் உணர்வைப் புண்படுத்தியது' என்று அதில் இருந்ததாம். அதை மடித்துப் பர்சில் வைத்திருந்தார், பேத்திக்குக் காட்டுவதற்கு.

"பொத்தான் உன்கிட்டதானே இருக்கு?" என்றும் கேட்டார்.

பொத்தான் அவளிடம்தான் இருந்தது. சான்றிதழ் அவர்களிடம் இருந்தது. ஒன்றாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அக்காவுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இருபத்தைந்து நாள். கழித்துப் பார்த்தால் ஏழு நாள் கையில் மிஞ்சியது. ஆணை கைக்கு வந்த அன்றே அழுத்திவிடலாம். ஏழு நாளில் ஏழு பள்ளம் மூடலாம். கணக்கு சரியாக இருந்தது.

அதுவரை அது தானாகவே செத்துப்போகட்டும் என்று அவள் மோசமாக எழுத ஆரம்பித்தாள். 'இன்று ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதினாள். எட்டாயிரம் ஹார்ட், என் வாழ்க்கையும் இதுதான் என்று நூற்றுக்கணக்கானவர்கள் கீழே எழுதினார்கள். 'பள்ளம்' என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டாள். பதினோராயிரம். ஆலோசகர் கண் கலங்கிவிட்டார், சொற்களையும் தோண்டி எடுத்துவிட்டாயே என்றார். ஒருநாள் தவறுதலாக வெறும் முற்றுப்புள்ளி மட்டும் போய்விட்டது. பள்ளத்தை மேலேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று ஒரு பேராசிரியர் நீண்ட கட்டுரை எழுதினார்.

அக்கா டாக்டரின் தேதிக்குக் காத்திருக்கவில்லை. பதினாறு நாள் முன்னதாக, காலை பத்தரை மணிக்கு அவளுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. வந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. பலகையில் ஸ்ட்ரெச்சர் போகாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, அக்காவை அதில் உட்காரவைத்து, நாலு பேர் பள்ளத்துக்குள் இறங்கி, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. அக்கா மார்பு வரைக்கும் அந்தத் தண்ணீருக்குள் போனாள். மறுபடி தூக்கினார்கள்.

படம் எடுக்க வந்திருந்த ஒரு ஜோடி இதையும் எடுத்துத் துறையின் பக்கத்தில் போட்டது. டிகிரி அதை அலுவலகத்தில் தன் திரையில்தான் பார்த்தாள். சத்தம் இல்லாமல் பார்த்தாள். அம்மா கரையில் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள், எட்டாத தூரத்துக்கு. நாலு நிமிடம் முடியப்போகிறது என்று திரையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிகிரி பதிலை அனுப்பினாள். தோழமையே, உங்கள் உணர்வு எங்களை வந்தடைந்தது. பிறகுதான் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆண். அக்காவுக்கு ஜுரம் கண்டு மூன்று நாள் இறங்கவில்லை. நாலாம் நாள் கண் திறந்து, கட்டிலருகே தங்கையைப் பார்த்து, "மேகம் விழுந்துச்சுன்னு எழுதினியே, அந்தத் தண்ணி நாறுதுடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

அழுகை வர வேண்டிய இடம் அது என்று டிகிரிக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். வரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மேஜைமேல் பூங்கொத்து இருந்தது. நாற்பத்தோராயிரம் பேர். துறையின் வரலாற்றில் இல்லாத எண். பதினேழு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தலைவர் காற்றில் பூசணிக்காயைப் பிடித்தபடி பேசினார்.

"ஒரு துறைக்கும் மக்களுக்கும் நடுவுல என்ன இருக்கணும்? பாலமா? பாலம் இருந்தா தாண்டிப் போயிடுவாங்க. பள்ளம்தான் இருக்கணும். பள்ளம் இருந்தாத்தான் நின்னு பேசுவாங்க."

அன்றைய போஸ்டை ஆலோசகரே எழுதி வைத்திருந்தார். 'எனக்கு மருமகன் பிறந்திருக்கிறான். அவன் தாய் என் மடியில் இறங்கி இளைப்பாறிப் போனாள்.' குழந்தையின் போட்டோ ஒன்று மட்டும் வேண்டும், நீ வீட்டு ஆள்தானே, சுலபமாகக் கிடைக்குமே என்றார். நிரந்தர ஆணை தலைவரின் மேஜையில் கையெழுத்தாகி இருந்தது. போட்டோ வந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

டிகிரி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது மஞ்சள் நாற்காலி. பள்ளத்தின் பக்கத்தைத் திறந்து கீழே வரைக்கும் தள்ளிப் போனாள். சாம்பல் பொத்தான் அங்கேயே இருந்தது. அழுத்தினாள். ஒரு கேள்வி வந்தது: 'இந்த உறவை முடித்துக்கொள்ள உறுதியாக இருக்கிறீர்களா? 41,000 பேர் வருந்துவார்கள்.' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். 'இல்லை' பெரிதாகப் பச்சையில் இருந்தது. 'ஆம்' இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. தேடி அழுத்தினாள்.

பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்கு முன்பே லாரி வந்து நின்றிருந்தது. தண்ணீரை இறைத்தார்கள், புல்லோடு ஜல்லியைக் கொட்டினார்கள், மண் போட்டார்கள், இடித்தார்கள். நாலு பேரில் ஒருவர் பாதி நேரம் போனில் மனைவியோடு ஜன்னல் திரைக்கு எந்த நிறம் என்று பேசிக்கொண்டிருந்தார். அப்படியும் எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்.

அம்மா மேலே ஏறி நின்று காலால் மிதித்துப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதாம்மா" என்றார் இஞ்சினியர்.

அம்மா இன்னொரு தரம் மிதித்தாள். பிறகு நீலப் பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எதற்காவது ஆகும்.

பேசும் பிரிவில் பள்ளத்துக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. நாற்பத்தோராயிரம் உறவுகளை ஒரே சொடுக்கில் கொன்றவளை வேலையிலிருந்து நீக்குவதாக ஆணை வந்தது. அந்த ஆணையையும் பக்கத்தில் போட்டு, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று மக்களிடம் கேட்டார்கள். பாதிப் பேருக்குக் கோபமாக இருந்தது, பாதிப் பேருக்குச் சோகமாக இருந்தது. நல்ல ரீச் என்று கேள்வி.

டிகிரி சான்றிதழைக் கேட்டு எழுத்தரிடம் போனாள். கோப்பு அவர் பின்னால் ஷெல்ஃபில் தெரிந்தது. பிளாஸ்டிக் உறையின் ஒரு முனைகூடத் தெரிந்தது. ஆனால் இப்போது அவள் ஊழியர் இல்லை, பொதுமக்கள். பொதுமக்கள் எதுவானாலும் பக்கத்தில் பகிர வேண்டும். அது மூடப்பட்டால்தான் அவர் கையை நீட்டி எடுக்க முடியும். இன்னொரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அசல் கொண்டுவந்து காட்டினால் திங்கட்கிழமை சேரலாம்.

அவள் புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எழுதினாள். 'எனது அசல் சான்றிதழைத் திருப்பித் தரவும்' என்று மட்டும். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. படம் இல்லை, கோபம் இல்லை. கடைசிப் புள்ளியைக்கூட யோசித்து எடுத்துவிட்டாள். மூன்றாவது நிமிடம் பதில் வந்தது. தோழமையே, உங்கள் உணர்வு எங்களை வந்தடைந்தது. கடைசியில் ஹார்ட். தான் எழுதியதுதான் என்றாலும் ஒருமுறை முழுதாகப் படித்தாள்.

பிறகு காத்திருந்தாள். வியாழன் முழுக்க ஒருவரும் தொடவில்லை. வெள்ளி காலை பார்த்தாள், பூஜ்யம். மத்தியானமும் பூஜ்யம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பூஜ்யத்தைப் பார்த்து அவளுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் இப்படியே போனால் செத்துவிடும், யாராவது அழுத்திவிடுவார்கள்.

ஆறேகாலுக்கு அம்மா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன்டி டிகிரி, அந்தப் பள்ளத்துக்கு அத்தனை பேர் போட்டாங்க. உன் சான்றிதழுக்கு ஒருத்தர்கூடப் போடலையேடி. பாத்ததும் எனக்கு மனசே ஆறல" என்றாள். "நான் ஒண்ணு போட்டேன். ஸ்கூல்ல டீச்சருங்ககிட்டயெல்லாம் சொன்னேன், எல்லாரும் போட்டாங்க. அவங்க அவங்க வீட்டுக்கும் அனுப்பியிருக்காங்க. ஆஸ்பத்திரியில நர்சம்மாகூடப் போட்டுச்சு."

டிகிரி அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்றுப் பதிமூன்று ஆனது.

அம்மா தோள்மேல் எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியா" என்றாள், "ஏறிக்கிட்டே இருக்கு."